டிஷ்யூ வைத்த நாற்காலி

சிங்கப்பூரில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், அடுத்தவர் இடத்தில் போய் உட்கார்ந்ததுதான். சும்மா உட்கார்ந்திருந்தாலாவது பரவாயில்லை. அவர் இடம் பிடிக்க வைத்துவிட்டுப் போன டிஷ்யூ பாக்கெட்டைப் பிரித்து, ஒன்றை உருவி, முகத்தையும் கழுத்தையும் நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.

லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகள். மத்தியான நேரம். கையில் தட்டோடு இடத்துக்கு அலைகிற கூட்டத்தைப் பார்த்தால் எங்கள் ஊர்த் திருவிழாவே தோற்றுப்போகும். ஒரு கையில் மட்டன் பிரியாணி, இன்னொரு கையில் கெட்டிப்பால் தித்திப்போடு டீ. ஒரே ஒரு மேசை மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. நடுவில் சின்னதாக ஒரு டிஷ்யூ பாக்கெட். கை துடைக்க இலவசமாகவே வைக்கிறார்கள், பணக்கார நாடென்றால் சும்மாவா என்று மெச்சிக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, அது என் இடம் லா."

நிமிர்ந்தேன். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க, கையில் மீன் சூப் கிண்ணத்தோடு ஒரு தமிழ்ப் பெண் நின்றாள்.

"பேரு எழுதியிருக்கா?" என்றேன். ஊரில் பஸ்ஸில் பழகின வாய், சும்மா இருக்குமா?

"டிஷ்யூ வெச்சிட்டுத்தானே போனேன்! நீங்க என்னடான்னா..." என்றவள், என் கையில் கசங்கிக் கிடந்த காகிதத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "ஊர்லேர்ந்து இப்பதான் வர்றீங்களா?"

பெயர் மாலதி. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அதனால்தான் பேச்சில் அந்த ஊர் 'லா'. ஒரு மருத்துவமனையில் அலுவலக வேலை. என்னை எழுப்பாமல் எதிரிலேயே உட்கார்ந்து, சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே விளக்கினாள். மேசையில் டிஷ்யூ இருந்தால் ஆள் வரப்போகிறது என்று அர்த்தமாம். சட்டம் எதுவும் கிடையாது. காவலுக்கும் ஆள் கிடையாது. ஆனாலும் யாரும் தொடமாட்டார்கள்.

"ஒருத்தரும் எடுக்க மாட்டாங்களா?"

"எடுத்து மூஞ்சி துடைச்சது நான் பாத்து நீங்கதான் முதல் ஆளு."

அசடு வழிந்தேன். அதைவிட வெட்கம், இந்த வழக்கம் எனக்குத் தெரியாத ஒன்றே இல்லை. எங்கள் ஊர் மீனவ ஊர். ஊர்க்கூட்டம் நடக்கும்போது கடலுக்குப் போன ஆள் திரும்பியிருக்காவிட்டால், அவர் வீட்டுக்காரர்கள் அவருடைய இடத்தில் ஒரு துண்டை மடித்து வைப்பார்கள். அந்த இடத்தில் யாரும் உட்காரக்கூடாது. கூட்டம் பேசலாம், அவசரமென்றால் வேலையைத் தொடங்கவும் செய்யலாம். ஆனால் துண்டுக்காரர் கரையேறி வந்து, "இது சரியில்லை" என்றால் மறுபடியும் உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும். டீசல் கொட்டகையை எங்கே போடுவது என்று ஒருமுறை முடிவாகி, கால் நட்டு, கூரையும் போட்டாகிவிட்டது. கடலிலிருந்து வந்த ஒருவர், "வாடைக் காத்து அடிச்சா பொறி நேரா பள்ளிக்கூடத்துக்குல்லா போவும்" என்றார். கூரையைப் பிரித்தோம். முணுமுணுத்துக்கொண்டேதான் பிரித்தோம், ஆனால் பிரித்தோம்.

நான் யார் என்று சொல்லவில்லையே. பெயர் செல்வி. ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், ஊராட்சியில் வார்டு உறுப்பினர். எங்கள் கடற்கரையில் நின்று பார்த்தால் அணுமின் நிலையம் தெரியும். அங்கே எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. எங்களுக்கு மட்டுமல்ல, உலை வைத்திருக்கிற பாதி உலகத்துக்கும் அதே தலைவலி. அதைப் பற்றிப் பல நாட்டுக்காரர்கள் கூடிப் பேசும் கூட்டம் சிங்கப்பூரில் நடந்தது. உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் தரப்பில் ஒரு ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே தயாராகும் பரிந்துரை நாளைக்கு எங்கள் ஊர் மேடையிலும் காட்டப்படும். "பாருங்க, உங்க மெம்பரே ஒத்துக்கிட்டாங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

கிளம்பும்போது ஊர்க் கமிட்டித் தலைவர் லூர்து அண்ணன் கடைக்கே வந்தார். "போ செல்வி, நல்லா சாப்பிடு, ஊரைச் சுத்திப் பாரு. ஆனா எங்க பேரச் சொல்லித் தலைய மட்டும் ஆட்டிட்டு வந்துராத" என்றார்.

"நான் என்ன பூம்பூம் மாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அந்தப் பேச்சு எனக்கே திரும்பி வந்தது.

மறுநாள் காலை ஜூரோங் பக்கம் இருந்த மண்டபத்துக்கு வேனில் கூட்டிப்போனார்கள். கூட வந்தவர் தாஹிர், எனக்கு மொழிபெயர்க்க ஏற்பாடு செய்திருந்த தம்பி. பாட்டனார் காலத்தில் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஆங்கிலமும் தமிழும் அவர் வாயில் இடைவெளி இல்லாமல் மாறி மாறி ஓடும். சாலையில் லாரிகளின் பின்னால் வேலைக்குப் போகும் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிக்னலில் ஒருவர் என்னைப் பார்த்துக் கையாட்டினார். சேலையைப் பார்த்தே நம்மூர் என்று தெரிந்துகொண்டார் போல. நானும் கண்ணாடி வழியாகக் கையாட்டினேன்.

மண்டபத்துக்குள் அப்படியொரு குளிர். பொறியாளர்கள், பேராசிரியர்கள், அதிகாரிகள். உலைக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற ஆள் நான் ஒருத்திதான். தலைமை தாங்கியவர் ஐரோப்பாவிலிருந்து வந்த நெட்டையான அம்மா. நல்ல மனுஷி. இடைவேளையில் அவரே எனக்குப் போர்வை கொண்டுவந்து கொடுத்தார்.

பேச்சு இப்படிப் போயிற்று. கழிவை ஆழத்தில், பாறைக்குள் வைத்து, மேலே ஒரேயடியாக அடைத்துவிடுவது. "மின்சாரத்தை அனுபவித்தது நாம். சுமையைப் பேரன் பேத்திகள் தலையில் கட்டிவிட்டுப் போவது நியாயமா? நாமே முடித்துவிட வேண்டும்" என்றார் தலைவரம்மா. தாஹிர் அதை என் காதில் தமிழில் சொன்னபோது, நியாயமாகத்தான் பட்டது. ஆபத்து வர வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று ஒருவர் படம் போட்டுக் காட்டினார்.

"தெரிஞ்சத வெச்சுக் கணக்குப் போட்டிருக்கீங்க. தெரியாதது எவ்வளவு இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

படம் காட்டியவர் நேர்மையானவர். கொஞ்சம் யோசித்து, "அது எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் ஆழத்தில் வைக்கிறோம்" என்றார். நானும் அதைக் காதுகொடுத்துக் கேட்டேன்.

காதுகொடுத்துக் கேட்டதுதான் வினையாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவர் பேசினால் முகத்தைப் பார்த்து 'ம்' கொட்டவேண்டும், தலையை இப்படியும் அப்படியும் அசைக்கவேண்டும். கல் மாதிரி உட்கார்ந்திருந்தால் அவமரியாதை. நான் காலையிலிருந்து மரியாதையாக அசைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். சாயங்கால டீயின்போது திரையில் வரைவு அறிக்கை ஓடியது. தாஹிர் ஒரு வரியைப் படித்துச் சொன்னார்: "கரையோரச் சமூகங்களின் பிரதிநிதி இந்த முறையை ஏற்றுக்கொள்கிறார்."

டீ மூக்கில் ஏறிவிட்டது. "எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லலக்கா. நீங்கதான் தலையாட்டிக்கிட்டே இருந்தீங்க. அவங்க எஸ்னு எடுத்துக்கிட்டாங்க."

"அடப்பாவிகளா! நான் கேட்டுக்கிட்டு இருந்தேன் தம்பி. கேக்கிறது வேற, ஒத்துக்கிறது வேற இல்லையா?"

தாஹிருக்குப் பாவம், முகம் சுண்டிப்போனது. ஓடிப்போய்ப் பேசிவிட்டு வந்தார். "நாளைக்குக் கடைசியில கார்டு தூக்குவாங்க. பச்சைன்னா ஓகே, சிவப்புன்னா வேணாம். அப்ப சொல்லிக்கலாமாம். அதுவரைக்கும் டிராஃப்ட் இப்படியே இருக்கும்."

சிவப்பைத் தூக்கிவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுதான் இல்லை. சிவப்பு என்றால் புதைக்கவே வேண்டாம், இப்போது இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்று அர்த்தம். இப்போது அது எங்கே இருக்கிறது? எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறது. பச்சையைத் தூக்கினால் எங்கள் பெயரால் எல்லாக் காலத்துக்கும் அடைப்பு, சிவப்பைத் தூக்கினால் எங்கள் தலைமாட்டிலேயே இருப்பு. இதில் எதற்கு நான் கை தூக்குவது? எனக்கு வந்த கோபத்தில் அந்த மண்டபத்துக் குளிரே தெரியவில்லை. யாரைக் கேட்டு இரண்டே அட்டை அச்சடித்தார்கள்?

அன்று சாயங்காலம் மாலதி வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருந்தாள். சுவா சூ காங்கில் அடுக்குமாடி வீடு. "எம்ஆர்டி ரயில்ல வந்து எறங்குங்க, அங்கேர்ந்து சின்ன டிரெயின் பிடிங்க, நான் ஸ்டேஷன்ல நிக்கிறேன்" என்று சொல்லியிருந்தாள். சின்ன ரயிலுக்கு ஓட்டுநர் இல்லை. மேலே பாலத்தில் தானாக ஓடுகிறது. நான் திரையில் வந்த வரியையே நினைத்துப் பொருமிக்கொண்டிருந்ததில் இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். பரவாயில்லை, கடைசி நிறுத்தத்தில் இறங்கித் திரும்பலாம் என்று உட்கார்ந்திருந்தால், கடைசி நிறுத்தமே வரவில்லை. அது வட்டமடித்துக்கொண்டு, ஏற்கெனவே பார்த்த நிலையத்தையே எனக்கு மறுபடியும் காட்டியது.

நடுவில் இன்னொரு கூத்து. சட்டென்று சன்னல் கண்ணாடி வெள்ளையாக மங்கிவிட்டது. கண்தான் போய்விட்டது என்று பதறி, பக்கத்திலிருந்த சீனப் பெரியவரின் கையைப் பிடித்துவிட்டேன். அவர் சிரித்தபடி சைகையில் வெளியே காட்டினார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தானாகத் தெளிந்தது.

"வீடுங்க கிட்ட போகும்போது அப்படி ஆகும்க்கா" என்றாள் மாலதி, ஒருவழியாக என்னைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது. "டிரெயின்ல இருக்கவங்க நம்ம ஹாலுக்குள்ள பாக்கக்கூடாதுல்ல."

வீட்டுக்குள் இருப்பவர் வந்து கேட்கவில்லை. அவர் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறாரா என்றுகூட ரயிலுக்குத் தெரியாது. ஆனாலும் மறைக்கிறார்கள். இவ்வளவு தெரிந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, இனி பிறக்கப்போகிறவர்களைக் கேட்காமலே 'ஏற்றுக்கொள்கிறார்' என்று எழுதுகிறோமே என்று எனக்கு ஆறவில்லை.

மாலதி இறால் சம்பால் வைத்திருந்தாள். எங்கள் ஊர்க்காரியை இறாலில் அசத்துவது சுலபமில்லை, அசத்திவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன்.

"இங்கயும் நியூக்ளியர் வருமா வராதான்னு பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றாள். "எங்களுக்கு தூரமா வைக்கிறதுன்னா எங்க வைப்போம்? இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி ஒரு மணி நேரம்தான். எல்லாமே பக்கத்து வீடுதான் லா."

"அப்ப நீ என்ன சொல்வே? பச்சையா, சிவப்பா?"

"தெரியலக்கா. கரண்ட்டு வேணும். ஏசி இல்லாம என் பையன் தூங்க மாட்டான். ஆனா எனக்கே தெரியாதத அவனுக்கும் சேத்து எப்படி முடிவு பண்றது?" தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவளை நிறுத்தினேன்.

"மாலதி, டிஷ்யூ வெச்ச ஆளு வரவே இல்லேன்னு வையி. பசியோட ஒருத்தர் நிக்கிறார். உக்காரவே கூடாதா?"

"ரொம்ப அவசரம்னா உக்காந்து சாப்பிட்டுக்கலாம். அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா டிஷ்யூவ எடுத்து வீசக்கூடாது. ஆளு வந்தா எந்திரிச்சிடணும். அவ்வளவுதானே லா!"

அவ்வளவுதான். எனக்கு மண்டையில் உறைத்தது. எங்கள் துண்டும் அதையேதான் சொல்கிறது. கிளம்பும்போது, "மூஞ்சி துடைக்க இல்ல" என்று சொல்லி ஒரு புது பாக்கெட்டை என் கையில் திணித்தாள். நான் கேட்காமலே கொடுத்தாள்.

கடைசி நாள். மண்டபத்தில் முந்தின நாளைவிடக் கூட்டம். முடிவு அறிவிக்கும் நேரத்தில் படம் எடுக்க வந்தவர்கள் வேறு. நான் முன்வரிசையில் எனக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்துவிட்டு, அந்த டிஷ்யூ பாக்கெட்டை நடுவில் வைத்தேன். தாஹிர் பார்த்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் புரியாமல் விழித்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அட்டைகள் உயர்ந்தன. எல்லாம் பச்சை. நான் இரண்டையும் மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். தலையை ஒரு பக்கமும் அசைக்கவில்லை. கழுத்து வலித்தது, ஆனாலும் அசைக்கவில்லை.

"எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார் தலைவரம்மா, மரியாதையாகவே.

எழுந்தேன். "ஆள் வரணும். இந்த நாற்காலிக்கு ஆள் வரல."

தாஹிர் மொழிபெயர்த்தார். முதல்முறையாக என் பேச்சை அவர் மெருகேற்றவில்லை என்று அவர் குரலிலேயே தெரிந்தது. எங்கள் ஊர்த் துண்டைப் பற்றிச் சொன்னேன். டீசல் கொட்டகையைப் பற்றிச் சொன்னேன்.

"கழிவு இருக்கு. அத எங்கயாவது வைக்கத்தான் வேணும். எங்க வீட்டுப் பக்கத்துலயே கிடக்கட்டும்னு சொல்ற அளவுக்கு நாங்க தியாகி இல்ல. நீங்க வேலையச் செய்யுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒரேயடியா அடைச்சிட்டு, சாவியக் கடல்ல எறிஞ்சிட்டு, அதுக்கு நாங்க சம்மதம்னு எழுதாதீங்க. பின்னால வர்றவங்க உங்களவிட வெவரமா இருக்கலாம். வந்து, இது சரியில்ல, எடுன்னு சொன்னா எடுக்க வழி இருக்கணும். அந்த வழி இல்லாத எதுக்கும் எங்க ஊர் பேரப் போடக்கூடாது."

"கதவைத் திறந்து வைத்தால் கெட்டவர்களும் வரலாம். போர் வரலாம்" என்றார் முந்தின நாள் படம் காட்டியவர். நியாயமான பயம்.

"வரலாம். அதுக்கு எங்கிட்ட பதில் கிடையாது. உங்ககிட்டயும் முழுசா பதில் கிடையாதுன்னு நேத்து நீங்களே சொன்னீங்க. பதில் இல்லாத ரெண்டு பேரு சேந்து, வராதவங்க வாயிலேர்ந்து ஆமான்னு எழுதறது எந்த ஊரு நியாயம்?"

கசமுசாவென்று பேச்சு எழுந்தது. தலைவரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஒருமனதாக முடிந்தது என்று அறிவிக்கக் காத்திருந்தவர், பாவம். "நீங்கள் சொல்வது ஒரு அடையாளச் செயல், புரிகிறது. ஆனால் அது வெறும் காலி நாற்காலி" என்றார்.

அப்போதுதான் கதவு திறந்தது. நிறைவு விழாவுக்கு அழைக்கப்பட்டிருந்த உள்ளூர்ப் பெரிய மனிதர், கோட்டு சூட்டோடு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டபடி வேகமாக உள்ளே வந்தார். மண்டபத்தில் வேறு நாற்காலி காலியாக இல்லை. முன்வரிசையில் என் பக்கத்து நாற்காலியைப் பார்த்து நேராக வந்தார். உட்காரக் குனிந்தவர், டிஷ்யூ பாக்கெட்டைப் பார்த்தார். நின்றார். என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, போய்ச் சுவரோரம் சாய்ந்து நின்றுகொண்டார்.

"என்ன சொன்னார்?" என்றேன்.

"மன்னிக்கணும், ஆள் இருக்குன்னு கவனிக்கலன்னார்" என்றார் தாஹிர். குரல் நடுங்கியது, சிரிப்பை அடக்கியதில்.

"ஐயா, தயவுசெய்து உட்காருங்கள், அங்கே யாரும் இல்லை" என்று மேடையிலிருந்து அழைத்தார் தலைவரம்மா. அவர் சங்கடமாகக் கையை ஆட்டி மறுத்துவிட்டார். சிங்கப்பூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒருவர் தன் பச்சை அட்டையைக் கீழே வைத்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு பெண்மணியும் வைத்தார். தலைவரம்மா சுவரோரம் நின்றவரைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், பிறகு வரைவைத் தட்டச்சு செய்கிறவரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

ஜெயித்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். மற்றவர்கள் பச்சை பச்சைதான். பரிந்துரை வெளிவரத்தான் போகிறது. ஆனால் அந்த ஒரு வரி திரையில் எங்கள் கண் முன்னாலேயே அழிந்தது. 'கரையோரப் பிரதிநிதி ஒப்புதல் தரவில்லை. பின்னால் வருகிறவர்கள் திறந்து பார்க்கவும் மாற்றவும் வழி இருக்கவேண்டும் என்று கோருகிறார்' என்று புதிதாக ஏறியது. தாஹிரை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பையை எடுத்தேன்.

"ஒருமனதாக முடிக்க முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்" என்றார் தலைவரம்மா, கைகுலுக்கும்போது.

"எனக்கு இல்லம்மா" என்றேன். மொழிபெயர்ப்பதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. போர்வையைத் திருப்பிக் கொடுத்தேன். அதை மடித்துக்கொண்டே மேடைக்குப் போனார். வேனுக்குக் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆட்கள் முன்வரிசையில் அந்த ஒன்றை மட்டும் தொடாமல் விட்டிருந்தார்கள். பாக்கெட்டை நான் எடுக்கவில்லை.

விமான நிலையத்தில் பரோட்டாவைப் 'பிராட்டா' என்று கொடுத்தார்கள், அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் சால்னாவுக்குப் பக்கத்தில் வராது என்றாலும், பசிக்கு நன்றாகவே இருந்தது. லூர்து அண்ணனிடமிருந்து போன். அலைச் சத்தமும் எஞ்சின் சத்தமும் சேர்ந்து கேட்டது. கரைக்கு வந்துகொண்டிருக்கிறார் போல.

"என்ன செல்வி, ஒத்துக்கிட்டு வந்துட்டியா?"

"இல்லண்ணே. வரப்போற பிள்ளைங்களுக்கு எடம் போட்டுட்டு வந்திருக்கேன்."